வென்றவனின் தலைக்குப் பின்னால்

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரான்ஸின் வடக்கே கருங்கல் பாவிய கிராமத்துச் சாலைகளில் ஒரு சைக்கிள் பந்தயம் நடக்கும். ஒரே நாள்தான். அங்கே முடியும்போது நமக்கு விளக்கு வைத்து நேரமாகியிருக்கும். நகரியில் அதைப் பார்க்கக் கூடுகிறவர்கள் மூன்று பேர்: விசைத்தறி வைத்திருக்கும் நண்பன், புத்தூரில் பி.டி. மாஸ்டராக இருக்கும் இன்னொருவன், நான். எனக்குத் திருமலையில் பக்தர்களுக்கு அறை ஒதுக்கும் கவுண்டரில் வேலை. ரூம் இருக்கிறதா என்று நாலு பாஷையில் கேட்பார்கள். நாலு பாஷையிலும் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போகும்.

அந்த வருஷமும் நைட் டூட்டி முடித்து, மலையிறங்கி, பஸ்ஸில் நின்றுகொண்டே நகரி வந்து சேர்ந்தேன். வருஷா வருஷம் இப்படித்தான் வருவேன். வருஷா வருஷம் முடிவுக்கு முன்னால் தூங்கிவிடுவேன். இந்த முறை தூங்கக் கூடாது. நாங்கள் மூவரும் கட்சி கட்டும் எங்கள் ஆளுக்கு அதுதான் கடைசிப் பந்தயம், அதோடு ஓய்வு.

எங்கள் ஆள் எதையும் ஜெயித்தவன் இல்லை. தன் அணித் தலைவனுக்குத் தண்ணீர் பாட்டில் சுமப்பான். எதிர்காற்றில் அவனுக்கு முன்னால் மிதிப்பான். தலைவனின் சக்கரம் பஞ்சரானால் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பான். நாற்பதை நெருங்கிவிட்டதால் அவனைக் கிழவன் என்போம். பந்தயம் ஒரு ஸ்டேடியத்துக்குள் முடியும். உள்ளே நுழைந்து ஒன்றரைச் சுற்று வர வேண்டும். கிழவன் அதைச் சுற்றி முடிப்பதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

டிவி இருப்பது தறிக்கூடத்தை ஒட்டிய அறையில். என்னைப்போலத் தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தில்தான் தூக்கம் வரும். அது நின்றால் விழிப்பு வந்துவிடும்.

“நான் தூங்கிட்டா உலுக்காத, எழுந்திருக்க மாட்டேன். தறிய நிறுத்து” என்றேன்.

“ஆர்டர் தல மேல நிக்குது. உனக்கோசரம் தறிய நிறுத்தணுமா? சரி, படுணா” என்றான் தறிக்காரன்.

படுக்கவில்லை, சுவரில் சாய்ந்துதான் உட்கார்ந்தேன். சைக்கிள்கள் முதல் கற்சாலையில் தடதடவென்று இறங்கியது நினைவிருக்கிறது.

திடீரென்று காது அடைத்ததுபோல் இருந்தது. பதறி எழுந்தேன். தறிகள் நின்றிருந்தன.

“கிழவன் வந்துட்டானா?”

“இல்லணா” என்றான் மாஸ்டர். “ஜெயிச்சவன் எப்பவோ வந்துட்டான். இவன் வழில வுழுந்து, எழுந்து, இப்பதான் வந்துகினு இருக்கான்.”

திரை நிறைய ஜெயித்தவனின் முகம். புழுதி அப்பிய வாயோடு மைக்கில் பேசிக்கொண்டிருந்தான். அவன் காதுக்குப் பின்னால் ஸ்டேடியத்துச் சுற்றுப்பாதை கொஞ்சம் தெரிந்தது. அதில் எங்கள் ஆளின் பனியன் நிறம் ஒன்று மெதுவாக நுழைந்தது. கேமரா திரும்பவே இல்லை.

மூன்று பேரும் கழுத்தை இடப்பக்கம் சாய்த்தோம். அவன் அந்தப் பெரிய தலைக்குப் பின்னால் மறைந்தான். வலப்பக்கம் சாய்த்தோம். வந்தான். முழுச் சுற்று முடித்து மறுபடி இடக்காதுக்கு வந்தான்.

“தலைய நவுத்துடா டேய்!” என்று ஜெயித்தவனைப் பார்த்துக் கத்தினான் தறிக்காரன்.

இன்னும் அரைச் சுற்றுதான். விளம்பரம் வந்துவிட்டது. அதோடு ஒளிபரப்பும் முடிந்தது.

“போச்சு” என்றான் மாஸ்டர்.

“இன்னா போச்சு? உள்ள வந்தவன் மீதிய சுத்தாமலா பூடுவான்?” என்று சொல்லிவிட்டுத் தறிக்காரன் எழுந்து போனான். தறிகள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. முழுதாகப் பார்க்கமுடியாத வருத்தம் என்று நினைத்து மாஸ்டர் தோளைத் தட்டினான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு திருப்பதி பஸ்ஸுக்கு நடந்தேன். விடிந்தால் மறுபடி கவுண்டர். கிழவன் இந்நேரம் சைக்கிளை யார் கையிலாவது கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். நாளைக் காலையில் அவனை யாரும் எழுப்பப் போவதில்லை. எனக்கு அவன்மேல் அப்படியொரு பொறாமை.