அராவத் தெரியாத பிட்டர்

பழைய பந்தாட்டக்காரர்களைப் பற்றி இப்போது பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். எந்தக் கோப்பை, எத்தனை கோல், வெள்ளைக்காரப் பட்டாளத்தை வெறுங்காலோடு எப்படித் தோற்கடித்தான். அதோடு நிறுத்திவிடுகிறார்கள். கால் போன பிறகு அவன் என்ன ஆனான் என்று ஒருவனும் கேட்பதில்லை. என்னையும் யாரும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

ஜெர்மன் சண்டை முடிந்த சமயம். ராயபுரத்தில் ஒரு இரும்புப் பட்டறையின் கால்பந்து அணிக்காக என்னை வேலைக்கு எடுத்தார்கள். பந்து உதைக்கச் சம்பளம் என்று சொல்லக் கூச்சமோ என்னவோ, பிட்டர் என்று பதிந்தார்கள். இரும்பை வைஸ் பிடியில் இறுக்கி, அரத்தால் அராவிச் சமன் செய்வது பிட்டர் வேலை. ஒரு நாளும் நான் அதை முழுதாகச் செய்ததில்லை. மத்தியானச் சங்கு ஊதும் முன்பே பட்டறையின் வெள்ளைக்காரத் துரை மைதானத்துக்குப் போகச் சொல்லிவிடுவார். பக்கத்து வைஸ்காரன் என் பங்கையும் சேர்த்துச் செய்வான்.

"நீ போ மாமு. உன் இரும்ப நான் பாத்துக்கறேன். சோல்சருங்களுக்கு ரெண்டு கோல் குட்த்துட்டு வா."

கொடுத்தேன். பட்டறையே என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரை வரை போனது. துரை கை குலுக்கினார். வேலை கற்றுக்கொள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஒரு மழைக்கால ஆட்டத்தில் பட்டாளத்தான் ஒருவனின் பூட்ஸ் என் முழங்காலில் இறங்கியது. புத்தூர்க் கட்டு போட்டும் கால் மடங்கவில்லை. நொண்டிக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினேன். துரை என் காலைத்தான் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. போர்மனிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். போர்மன் ஒரு இரும்புத் துண்டை என் முன்னால் போட்டார்.

"பிட்டர்தானே நீ? சதுரமா அராவிக் காட்டு. ஆவலன்னா வூட்டுக்குப் போ."

வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் என் சம்பளத்தை நம்பி இருந்தார்கள். அரத்தை எடுத்தேன்.

"இன்னா நைனா, தொடப்பம் மாரி புட்சிகினு கீற?" என்றான் ஒருவன்.

"கால்ல அராவு நைனா, அதான் உனுக்கு வரும்," என்றான் இன்னொருவன். பட்டறை சிரித்தது. என்னைத் தோளில் தூக்கியவர்கள்தான்.

பக்கத்து வைஸ்காரனைப் பார்த்தேன்.

"என்னால முடியாது மாமு. போர்மன் பாத்துட்டான்னா என் வேலயும் பூடும்," என்று முனகிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டான்.

அவன்மேல் கோபமில்லை என்று எழுதினால் பொய். ஆனால் அவனுக்காவது பயம் இருந்தது. துரைக்கு என்ன இருந்தது?

சாயங்காலம் நான் அராவிய துண்டை மட்டம் பார்க்கும் பலகையில் வைத்து, போர்மன் விரலால் தொட்டார். தடதடவென்று ஆடியது.

பிட்டர் வேலை போயிற்று. பெரிய மனசு பண்ணுவதாக நினைத்துக்கொண்டு துரை வேறு வேலை கொடுத்தார்: மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது. பிள்ளைகள் சாப்பிட வேண்டுமே, போட்டேன். நான் ஓடிய இடது ஓரத்தில் புதிதாக ஒருவன் ஓடினான். அவனையும் பிட்டர் என்றுதான் பதிந்திருந்தார்கள்.

"அரம் புடிக்கக் கத்துக்கடா," என்றேன் ஒருநாள்.

"நவுரு நைனா, கோடு அழியுது," என்றான்.

குனிந்து பார்த்தேன். நான் இழுத்து நடந்த கால்தான் அழித்திருந்தது. மறுபடியும் சுண்ணாம்பு போட்டேன்.