பெட்ரோல் மூடியும் இன்ஷிராஹின் யோசனையும்

"மனுதாரர் இன்ஷிராஹ், வயது நாற்பத்து மூன்று, விதவை, இல்லத்தரசி, மோட்டார்சைக்கிள் பழுதுபார்க்கும் தொழிலில் அறிவோ அனுபவமோ இல்லாதவர்" என்கிறது, புருஷனின் பட்டறையைக் கேட்டு அவள் போட்டுத் தோற்ற வழக்கின் தீர்ப்பில் மூன்றாம் பத்தி. அந்த இல்லத்தரசி பதினான்கு வருஷம் புருஷன் மெத்வல்லியோடு பட்டறையில் நின்றவள். எங்கள் கால்வாய்க்கரை ஊரில் நல்ல மெக்கானிக்கை 'உஸ்தா' என்போம். பாதி ஊர் அவளைத்தான் அப்படிக் கூப்பிட்டது, மெத்வல்லியும் கூப்பிட்டான்.

அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று குர்ஆன்மேல் கைவைத்துச் சாட்சி சொன்னவன் அவளுடைய கொழுந்தன் பர்ஹாம். மெத்வல்லி செத்து நாற்பது நாள் ஆவதற்குள் பட்டறைச் சாவியையும், அண்ணனின் பழைய சிவப்பு வண்டியையும் எடுத்துக்கொண்டவன்.

பட்டறை வக்ஃபு இடம். குத்தகை முடிந்து, வியாழன் காலை பத்து மணிக்கு நகரத்தில் மறு ஏலம். நேரில் வந்து கேட்பவருக்குத்தான் கிடைக்கும். இன்ஷிராஹ் பெயர் கொடுத்திருந்தாள். ஆனால் பர்ஹாம் வந்து நின்றால் அவனுக்கு மேல் கேட்க அவளிடம் வழியில்லை. இது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அதனால்தான் அண்ணன் வண்டியிலேயே ஏலத்துக்குப் போய் இறங்குவேன் என்று காபிக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தான்.

புதன் மாலை அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டே அவள் வாசல் வழியாக வந்தான். அவள் முலூகியாக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்ன தம்பி, சவாரி யாரு, நீயா வண்டியா?"

"கிண்டல் பண்ணாதீங்க மதினி. பத்து நிமிஷம் குதிர மாதிரி ஓடுது. அப்புறம் இருமி இருமி நின்னுடுது. ஒரு சிகரெட் குடிச்சு முடிச்சா திரும்பக் கிளம்புது."

"டாங்க் குழாய்ல வடிகட்டி?"

"கழுவிட்டேன். ஹோஸ் புதுசு. கார்புரேட்டர மூணு தடவ ஊதியாச்சு."

"பெட்ரோல் இருக்கான்னு பாத்தியா? இல்ல, அதுக்கும் சாட்சி வேணுமா?"

"அதான் அதிசயம். மூடியத் திறந்து பாத்தா நெறய இருக்கு. மூடிட்டு உதைச்சா உடனே கிளம்புது!"

இன்ஷிராஹ் கீரையை வைத்துவிட்டு எழுந்தாள். மூடியைத் திருகினாள். புஸ்ஸென்று ஒரு சத்தம். மூடிக்கு அடியில், கடையில் மொச்சை ரொட்டி கட்டிக்கொடுக்கும் பிளாஸ்டிக் பை. தூசிக்காற்று மாதத்தில் ரப்பர் தேய்ந்த மூடிக்கு எல்லாரும் வைப்பதுதான். ஆனால் ஊசியால் ஒரு குத்து குத்திவிட்டு வைப்பார்கள். பெட்ரோல் கீழே இறங்க, மேலே காற்று நுழைந்தாக வேண்டும். பர்ஹாம் சுத்தக்காரன். இரண்டாக மடித்து, ஓட்டையே இல்லாமல் வைத்திருந்தான். வண்டி மூச்சுத் திணறி நின்றுகொண்டிருந்தது.

பையை இருந்தபடியே வைத்து மூடியைத் திரும்ப இறுக்கினாள்.

"நல்லாத்தான் அடைச்சிருக்க. ஆனா சும்மா சும்மா திறந்து பாக்குற பாரு, அது தப்பு. தூசி உள்ள போயி கார்புரேட்டர் ஜெட்ட அடைச்சிடும். நாளைக்கு வழியில நின்னா திறக்காத. ஆற விடு, தானாக் கிளம்பும்."

"மனசுல ஏதும் வெச்சுக்கிட்டுச் சொல்லலியே மதினி?"

"எனக்கென்னப்பா தெரியும்? நீதான கோர்ட்டுல சொன்ன."

அவன் சிரித்தான். நம்பினான். அவள் சொல்லுக்கு மதிப்பில்லை என்று சத்தியம் செய்தவன், அந்த ஒரு சொல்லை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தான்.

மறுநாள் காலை வழியில் வண்டி நின்றது. முழுக்கச் செத்த வண்டியாக இருந்தால் மரத்தில் சாய்த்துவிட்டு மைக்ரோபஸ் ஏறியிருப்பான். அரை உயிர் வண்டியை விட்டுப் போக எந்த ஆண்பிள்ளைக்கும் மனம் வராது. முதலில் பத்து நிமிஷம் ஓடியது, பிறகு ஐந்து, பிறகு இரண்டு. கடந்துபோன டிரைவர் ஒருவன், "ஏறுங்க உஸ்தா, ஏலம் முடிஞ்சிடும்!" என்று கத்தினான்.

"நீ போ, இதோ கிளம்பிடுச்சு!"

டாங்க் நிறையப் பெட்ரோலோடு அவன் நகரம் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. ஏழு மணி மைக்ரோபஸ்ஸில் போன இன்ஷிராஹ், எதிர்த்துக் கேட்க ஆளில்லாமல் பட்டறையை எடுத்து, கையெழுத்தும் போட்டு முடித்திருந்தாள்.

விதி என்றார்கள் சிலர். மெத்வல்லியின் ஆவி வண்டியைப் பிடித்து நிறுத்தியது என்றார்கள் சிலர். அவளே ஒளிக்காமல் சொன்னது வேறு. பழுது என்னவென்று கண்டுபிடித்த பிறகு, இன்ஷிராஹ் அதைச் சொல்லாமல் மூடியை இறுக்கினாள். வழியில் திறக்காதே என்று பொய் யோசனையும் சொன்னாள்.