கதை கேட்டால்தான் படி ஏறலாம்

1956 ஜனவரி 8, ஞாயிறு. விடியுமுன் குளித்து, மாடுகளுக்குத் தீனி வைத்துவிட்டு, கொல்லங்கோட்டில் மனைவியோடு ரயில் ஏறினேன். குற்றிப்புறத்தில் இறங்கி, வஞ்சிப் படகில் ஆற்றோரத்து விளக்குமாடத்துக்குப் போனோம்; அது ஒரு கலங்கரை விளக்கம். மேலே ஏறினால் தென்னந்தோப்புகளுக்கு அப்பால் கடல் தெரியும். அவள் கடலே பார்த்ததில்லை.

காவலர் பாலக்காட்டுப் பக்கத்து ராவுத்தர். நெட்டையான உருவம், வெளுத்த தாடி, விரலில் சுழலும் சாவிக்கொத்து. விளக்கின் கதையை முழுக்கக் கேட்காத எவரையும் அவர் மேலே விடுவதில்லை. ஆதியில் மூங்கில் கம்பத்தில் தேங்காயெண்ணெய் விளக்கு, பிறகு மண்ணெண்ணெய், கடைசியில் இந்தக் கண்ணாடி வில்லை விளக்கு. நடுவில் யாராவது கேள்வி கேட்டால் சந்தோஷமாக முதலிலிருந்து தொடங்குவார். என் மனைவி கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஏனுங்க, மழைக்கு அணைஞ்சு போகாதுங்களா?"

"நல்லாக் கேட்டீங்கம்மா! ஆதியில ஒரு மூங்கில் கம்பம்..."

கதை மண்ணெண்ணெயை எட்டும்போது மணி ஐந்து, மூடும் நேரம். கதவைப் பூட்டிவிட்டார். நான் கத்தினேன். "நாளைக்கு வாங்க" என்றார் சிரித்தபடி.

சத்திரத்தில் தங்கி, மறுநாள் காலை முதல் வேலையாக அங்கே போய் நின்றோம். மிச்சக் கதையைச் சொல்லி முடித்து அவளை மேலே அனுப்பினார். என்னை மறித்தார்.

"நானுந்தானே நேத்திலிருந்து கேட்டேன்?"

"எங்கீங்க கேட்டீங்க? கடிகாரத்தையில்ல பாத்துட்டு நின்னீங்க!"

உச்சியிலிருந்து அவள் கூவினாள்: "ஏனுங்க, சீக்கிரம் வாங்க! தண்ணி முடியவே மாட்டீங்குதுங்க!"

கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். "சொல்லுங்க" என்றேன்.