ஐந்து கட்டையில் முனகிய பெட்டி

"குறையை எழுத்து மூலம் தெரிவித்தால் ஏழு நாட்களுக்குள் பதில் அளிக்கப்படும்" என்று அந்தப் பெட்டிக்குக் கொடுத்த ரசீதின் பின்புறம் அச்சடித்திருந்தது. விதிகளோடு ஆயுள் முழுக்கக் குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். நான் நம்பி ஏமாந்த முதல் விதி அதுதான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அதை நினைத்தால் முதலில் காதில் விழுவது ஒரு முனகல்.

பெரியப்பா மகனின் பழைய ஸ்டீல் கிடார் மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. மடியில் கிடத்தி, இரும்புத் துண்டைத் தந்திமேல் வழுக்கவிட்டு வாசிப்பது. நவராத்திரிக்குள் ஒரு கீர்த்தனையாவது வாசிக்காவிட்டால் அது வந்த வழியே திரும்பும் என்பது அப்பாவின் நிபந்தனை. ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் அது கொசுவைப் போலத்தான் பாடும். தணிக்கை அலுவலகத்தில் இருந்த அப்பா மூன்று கடை ஏறாமல் கத்தரிக்காய்கூட வாங்கமாட்டார். ஆழ்வார்பேட்டையில் கடைக்காரரே உருக்கமாக வாசித்துக் காட்டினார். "அவர் வாசிச்சா தகர டப்பாவும் பாடும், நீ வாசி" என்றார் அப்பா. வாசித்தேன், வெளியே வந்துவிட்டோம். அடுத்த கடையில் இருந்தது கல்யாண மண்டபத்துக்கானது. மூன்றாவது, தியாகராய நகர்ச் சந்து ஒன்றில் ரேடியோ மெக்கானிக் ஒருவர் தாமே செய்த சின்ன மரப்பெட்டி. சூடாகுமா, புகையுமா, ஷாக் அடிக்குமா என்று அப்பா வரிசையாக விசாரித்தார்.

"இன்னா சார், நாய் வாங்குற மாரி கடிக்குமான்னு கேக்குற? கடிக்காது சார், பாடும்."

யாரும் வாசிக்காமலே பெட்டி 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டிருந்தது. வேறு எந்தக் குடும்பமானாலும் அதைக் குறை என்று சொல்லியிருக்கும். கூட வந்திருந்த, ஐந்து கட்டையில் பாடும் என் அம்மா கண்ணை மூடி, ஷட்ஜம் சேர்த்துப் பார்த்து, "சுருதி அசையாம நிக்கறது, இதையே வாங்கிடுங்கோ" என்றாள். உலகத்தையே சந்தேகித்த அப்பா, சந்தேகிக்க வேண்டிய ஒன்றை மட்டும் தம்பூராவாக ஏற்றுக்கொண்டார்.

இரண்டாம் நாளே, நாற்காலியில் உட்கார்ந்து சிமெண்டுத் தரையில் வெறுங்கால் பதித்து இரும்புத் துண்டைப் பிடித்தால் விரலில் "சுருக்" என்றது. அப்பாவிடம் சொன்னேன்.

"குத்தறதா? சாதகம் பண்றதுக்கு முன்னாடி குத்தறதா, பின்னாடியா?"

அப்பாவே பரிசோதித்தார். வாத்தியத்தைத் தரையில் உட்கார்ந்து தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம் என்பதால், முறையாக மணைப்பலகை போட்டு, அதன்மேல் சம்மணமிட்டுத் தந்தியைத் தொட்டார். ஒன்றும் நேரவில்லை. நான் பொய்யன் என்பது நிரூபணமாயிற்று. ஆனால் பொய் மனுவானாலும் அனுப்பி வைப்பது அவருடைய அலுவலக தர்மம்; 'பொருள்', 'பார்வை' எல்லாம் போட்டு என் கையாலேயே எழுதவைத்து, இரண்டு பிழை திருத்தி, ஆடி மாதம் தபாலில் சேர்த்தார்.

பதில் இல்லை. பலகைமேல் உட்கார்ந்தால் குத்தாது என்பது தற்செயலாகத் தெரிந்ததும் அங்கேயே குடியேறினேன். "பார்த்தியா, பொய் தானா நின்னுடுத்து" என்று அப்பா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நவராத்திரியில் வாசித்தேன், கிடாரும் தங்கியது. ஆனாலும் கொலுவுக்கு வந்தவர்கள் பாராட்டியபோது அப்பா என் கண்ணைப் பார்க்கவில்லை.

பிறகுதான் மெக்கானிக்கிடமிருந்து கடிதம் வந்தது. அது சுருதி இல்லை, கரண்டு. இரண்டு முனைப் பிளக்கில் எர்த் கிடையாது, பையன் வெறுங்காலோடு தொட வேண்டாம், கொண்டுவந்தால் மூன்றாவது கம்பி போட்டுத் தருகிறேன் என்று எழுதியிருந்தார். போட்டுத் தந்தார். முனகல் நின்றது. "உயிரே போயிடுத்து" என்று அம்மாதான் வருந்தினாள்.

இன்று என்னிடம் இருப்பது உள்ளங்கை அளவுப் பெட்டி. சத்தமே போடாது, அதனாலேயே எனக்கு அதன்மேல் முழு நம்பிக்கை இல்லை. அந்தச் சந்தில் இப்போது சுடிதார் கடை. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, மரப்பெட்டியும் இல்லை. கடிதம் மட்டும் இருக்கிறது. என்னிடம் வாய்திறந்து ஒன்றும் சொல்லாத அப்பா, அதன் ஓரத்தில் கோப்புக் குறிப்புப் போலச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: "பையன் சொன்னது மெய். பதில் பெற்றது, ஐப்பசி இரண்டாம் தேதி."