மூன்று நிமிடம் முந்திய பாங்கு

சாய்ந்தமருதில் ‘கொம்பியூட்டர் றுக்ஸானா’ என்றால் சிறுசுகளுக்கும் தெரியும். வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை செய்கிறவள். பிழை ஒன்று கண்ணில் பட்டால் உடும்புப்பிடிதான். பள்ளிவாசல் மின்பலகையில் நேரம் காட்டும் புரோகிராமை அவள்தான் காசு வாங்காமல் சதக்காவாக எழுதிக் கொடுத்தாள். மோதினார் அப்துல் ஸமட் அதைப் பார்த்துத்தான் பாங்கு சொல்வார்.

மூன்றாம் நோன்பன்று பின்னேரம் அஸர் பாங்கு கேட்டபோது அவளுடைய கைபேசியில் அதற்கு இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. முதலில் கைபேசியைத்தான் சந்தேகித்தாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு அல்லவா?

வீட்டிலிருந்தபடியே பலகையின் கணினிக்குள் நுழைந்தாள். கணினியின் நேரம் சரி. புரோகிராமின் நேரம்தான் பிழை. ஒரே பெட்டிக்குள் இரண்டு நேரம்!

கணினியை ஆளும் கேர்னல், நேரக் கணக்கை நினைவகத்தின் ஒரு பக்கத்தில் எழுதி வைக்கும். அதே பக்கத்தை எல்லாப் புரோகிராம்களுக்குள்ளும் தெரிய வைக்கும். வாசிக்கலாம், கை வைக்க முடியாது. ஊரார் மோதினாரின் கதவைத் தட்டாமல் பலகையை அண்ணாந்து பார்ப்பதுபோல, புரோகிராம்களும் கேர்னலைத் தொந்தரவு செய்யாமல் அதைப் பார்த்துக்கொள்ளும். கடிகாரம் பிசகினால் கேர்னல் அந்தப் பக்கத்தில்தான் திருத்தும்.

நாற்பது நாளைக்கு முன், பலகை இருண்டுவிடக் கூடாதென்று, ஓடிக்கொண்டிருந்த புரோகிராமை நினைவகத்தோடு பிரதியெடுத்து, திருத்தி, அந்தப் பிரதியிலிருந்தே மறுபடி ஓட விட்டிருந்தாள். அந்தப் பக்கத்தையும் சாதாரணப் பக்கமென்று சேர்த்துப் பிரதியெடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு கேர்னல் செய்த திருத்தம் எதுவும் பிரதிக்கு வரவில்லை. பழைய கணக்கிலேயே ஓடி, நாளுக்கு நாலைந்து செக்கன் முந்திக்கொண்டே போயிருந்தது.

புரோகிராமைப் புதிதாகத் தொடக்கினாள். பலகை ஒரு கணம் இருண்டு, சரியான நேரத்தோடு எரிந்தது. இத்தோடு வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் ஊரே இரண்டு நாளாக, வயல் பக்கம் சூரியன் முழுதாக இறங்குமுன் நோன்பு திறந்திருக்கிறது. அவளுடைய மாமி சல்மா உம்மாவும்தான். சீனி வருத்தமான நீரிழிவோடு, டொக்டரின் பேச்சையும் கேளாமல் பிடித்த நோன்பு. அதை நினைத்தபோது றுக்ஸானாவுக்கு அழுகை வந்தது.

மோதினாருக்கு அழைத்தாள்.

“பலகை மூணு நிமிசம் முந்திட்டு, மோதினார். என்ட பிழைதான். ரெண்டு நோம்பையும் நேரத்துக்கு முந்தித் துறந்திட்டம்.”



“நானும் ஒரு நாளாவது வெளிய வந்து வானத்தப் பார்க்கல்லயே, மகள். மௌலவிட்டக் கேட்டுச் சொல்றன்.”

சற்று நேரத்தில் ஒலிபெருக்கி பேசியது. பலகை பிழையான நேரம் காட்டிவிட்டது, இரண்டு நோன்பையும் எல்லோரும் பின்னர் மறுபடி பிடித்துக் கழாச் செய்ய வேண்டும். அவளுடைய பெயர் வரவில்லை.

“ஆர்ட பிழையாம் புள்ள?” என்றார் சல்மா உம்மா.

“என்ட பிழைதான் மாமி.”

சல்மா உம்மா கஞ்சிக் கோப்பைகளைத் துடைத்து வைத்தார். அதற்குப் பதிலாக நாலு ஏச்சு ஏசியிருக்கலாம் என்றிருந்தது அவளுக்கு.

நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு கேட்டது. சல்மா உம்மா பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு மருமகளின் முகத்தைப் பார்த்தார்.

“துறக்கட்டா புள்ள?”

பலகையைப் பத்துத் தரம் சரிபார்த்திருந்தவள், எழுந்து முற்றத்துக்குப் போய் மேற்கே பார்த்தாள். திரும்பி வரும்வரை சல்மா உம்மா பழத்தை வாயில் வைக்கவில்லை.

“துறங்க மாமி.”