கை நீட்டி வாங்கிய குழந்தை

மூன்று வருடங்களுக்கு முன்பு, தென் அமெரிக்காவில் பெரு நாட்டிலிருந்து பொலிவியாவுக்குப் போகும் வழியில் நடந்தது இது. எனக்குச் சொந்த ஊர் தர்மபுரி மாவட்டம், நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். விவசாயம் பார்க்கும் கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணம் வேண்டாம், கோயில் வேலை போதும் என்று நான் சொன்னபோதே வீட்டில் பெரிய ரகளை. ஒரு சபையின் தன்னார்வலராகப் பெருவுக்குக் கிளம்பியபோது என் அக்கா, "தர்மபுரி பஸ் ஸ்டாண்டுலயே வழி தெரியாம முழிப்பியேடி, அங்க போயி என்னா பண்ணுவ?" என்று கேட்டாள். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

அங்கே ஒரு பங்குக் கோயிலின் முதியோர் இல்லத்தில் வேலை. படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் குளிப்பாட்டுவது, கஞ்சி ஊட்டுவது. அந்த ஊர் மொழி தட்டுத் தடுமாறி வந்தது. சில மாதங்கள் கழித்து, எல்லைக்கு அந்தப் பக்கம் பொலிவியாவில் இருந்த இன்னொரு இல்லத்தில் ஆள் குறைவு என்று என்னைப் போகச் சொன்னார்கள். பாஸ்போர்ட், விசா எல்லாம் சரியாக இருந்தது. கழுத்தில் சிலுவை, மேலே சபையின் நீல நிற மேலங்கி, கையில் ஒரு பை. தனியாகத்தான் கிளம்பினேன்.

எல்லை ஊருக்குப் போகும் வேனில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மலை மேல் உயரமான பாதை. மூச்சும் வாங்கியது, குளிரும் எலும்பைத் துளைத்தது. வழியில் ஓரிடத்தில் ஒரு பெண் கைக்குழந்தையோடு ஏறினாள். வயது இருபத்தைந்துக்குள்தான் இருக்கும். முகம் காய்ந்து, உதடு வெடித்து, வெறும் கான்வாஸ் ஷூவோடு நின்றாள். உட்கார இடமில்லை. அவளைப் பார்த்ததும் சிலர் தங்கள் மூட்டையைக் கால் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. கைக்குழந்தைக்காரியை நிற்க வைத்துவிட்டு எப்படித்தான் வேடிக்கை பார்க்கிறார்களோ!

காரிமங்கலம் சந்தை நாளில் பஸ் ஏறியவர்களுக்கு நான் சொல்வது புரியும். நிற்கிறவள் கையில் குழந்தை இருந்தால், உட்கார்ந்திருப்பவர் கேட்காமலே வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். அம்மா முன்படிக்கட்டில் தொங்குவாள், குழந்தை பின் சீட்டில் யாரோ ஒருவர் மடியில் முறுக்கு தின்றுகொண்டு வரும். இறங்கும்போது கைமாறிக் கைமாறிப் போய்ச் சேர்ந்துவிடும். எங்களுக்கு இது யோசித்துச் செய்கிற காரியமே இல்லை. அன்றைக்கும் நான் யோசிக்கவில்லை. "குடு தாயி, நான் வெச்சிக்கறேன்" என்று தமிழிலேயே சொல்லி இரண்டு கையையும் நீட்டிவிட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள், சிலுவையைப் பார்த்தாள். கண் கலங்கியது. குழந்தையைக் கொடுத்தாள். எட்டு மாதம் இருக்கலாம், பெண் குழந்தை. வந்த வேகத்தில் என் மேலங்கியை நனைத்துவிட்டுத் தூங்கிப் போனது.

எல்லை என்பது ஒரு ஆறும் அதன் மேல் ஒரு பாலமும்தான். அதற்குக் கொஞ்சம் முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. சிலர் இறங்கி நடக்க ஆரம்பித்தார்கள். அவளும் குனிந்து குழந்தையின் தலைத் துணியைச் சரி செய்தாள், என் சிலுவையைத் தொட்டு முத்தமிட்டாள், பாலத்தின் பக்கம் கையைக் காட்டினாள். அந்தப் பக்கம் கழிப்பறைக்குப் போய்விட்டு வருவாள் போல என்று நினைத்து நானும் தலையை ஆட்டினேன். அவள் இறங்கிப் போனாள்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்த கடைசி நிறுத்தத்துக்கு வேன் வந்து எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அவள் வரவில்லை. டிரைவரிடம் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கதவைச் சாத்தினார். நான் தெருவில் நின்றேன், கையில் பெயர் தெரியாத ஒரு குழந்தையோடு.

முதலில் கோபம் வந்தது. அப்புறம் பயம் பிடித்துக்கொண்டது. குழந்தை எழுந்து வீறிட்டு அழுதது. வேறு யாரும் தோன்றாமல் அக்காவை வீடியோ காலில் கூப்பிட்டேன். ஊரில் அவர்கள் சாப்பிட்டுப் படுக்கப் போகும் நேரம். போனில் குழந்தையைப் பார்த்ததும் அவள் அலறியதை என்னால் மறக்க முடியாது.

"அய்யோ, யாரு வூட்டுப் புள்ளடி இது? எங்களுக்குத் தெரியாம என்னாடி பண்ணி வெச்சிருக்க?"

விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவுக்குக் குரல் மாறிவிட்டது. "அழுவாத. ஆத்தாக்காரி வரலன்னா நேரா போயி போலீசுல சொல்லிடு. இல்லன்னா புள்ள புடிக்கிறவன்னு உன்ன உள்ள தூக்கி வெச்சிடுவாங்க" என்றாள். எங்கள் பக்கத்தில் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று வதந்தி கிளம்பி, ஒன்றும் அறியாதவர்கள் அடி வாங்கிய கதைகள் இரண்டு பேருக்குமே நினைவுக்கு வந்திருக்க வேண்டும். நான் போனை வைத்துவிட்டுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டேன்.

பாலத்தடியில் இருந்த குடியேற்ற அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு பெண் அதிகாரி, குழந்தையின் பேப்பர் எங்கே என்று கேட்டார். இது என் குழந்தை இல்லை என்றேன். அவ்வளவுதான், என்னை உள் அறைக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். "தெரியாத பெண்ணிடம் எந்தத் தாய் குழந்தையைக் கொடுப்பாள்?" என்று அதிகாரி கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில் எங்கள் ஊர் பஸ் வழக்கத்தை விளக்கினேன். மடியைத் தட்டிக் காட்டினேன், எழுந்து நின்று கம்பியைப் பிடித்துத் தொங்குவது போலவும் நடித்தேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் போலத்தான் கேட்டது. இந்த ஊர் ஜெயிலில் கிடந்து சாகப் போகிறேன் என்று நிச்சயமாக நினைத்தேன்.

குழந்தைகள் காப்பகத்திலிருந்து வண்டி வருகிறது என்றார்கள். ஒருவர் வந்து குழந்தையை என்னிடமிருந்து வாங்கினார். அது என் மேலங்கியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரல் விரலாகப் பிரித்து எடுத்தார்கள். என்ன தாய் இவள், கல் நெஞ்சுக்காரி, நாசமாய்ப் போக என்று மனதுக்குள் வாய்க்கு வந்தபடி சபித்தேன். ஜெபம் செய்ய வேண்டிய நேரத்தில் எனக்கு வந்ததெல்லாம் வசவுதான்.

அப்போது கதவருகே ஏதோ சத்தம் கேட்டது. திரும்பினால், அவள் நின்றுகொண்டிருந்தாள்.

இடுப்புவரை நனைந்திருந்தாள். ஒரு காலில் ஷூ இல்லை. உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. குழந்தையைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து கையை விரித்தாள். சேர்த்து வைத்திருந்த வசவில் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை.

பிறகு மெல்ல மெல்லத்தான் கதை புரிந்தது. அவள் வெனிசுலாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவள். கணவன் பொலிவியாவில் ஒரு கட்டட வேலையில் இருக்கிறான். அவளிடம் எந்தப் பேப்பரும் இல்லை. பாலம் வழியாகப் போனால் பிடித்துவிடுவார்கள். ஆற்றின் கீழ்ப்பக்கம் ஆழம் குறைந்த இடத்தில் சிலர் இறங்கிக் கடப்பதுண்டாம். அந்தக் குளிர்ந்த தண்ணீரில் குழந்தையோடு இறங்க அவளுக்குத் துணிவில்லை. கோயில்காரி கையில் குழந்தை இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள், பாலத்தைத் தாண்டிக் கொண்டு வந்து கொடுத்துவிடுவாள் என்று நம்பியிருக்கிறாள். அவள் பாலத்தைக் கை காட்டியதற்கு அர்த்தம் அதுதான்.

அதிகாரி என்னிடம் கேட்ட கேள்வியையே அவளிடமும் கேட்டார். முன்பின் தெரியாதவளிடம் எப்படிக் கொடுத்தாய்? அவள் என்னைக் காட்டிச் சொன்னது மட்டும் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை புரிந்தது.

"நான் கேக்கவே இல்ல. அவங்களாத்தான் கை நீட்டினாங்க. ஊர விட்டுக் கிளம்பினதுலேர்ந்து எங்களப் பாத்து யாருமே கை நீட்டினதில்ல."

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. பஸ் பழக்கத்தில் நீட்டிய கை அது. அதை நம்பி ஒருத்தி பெற்ற பிள்ளையையே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அந்தப் பெண் அதிகாரி தன் கம்பளிச் சால்வையை எடுத்து அவள் மேல் போர்த்தினார். காப்பக வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு என் பாஸ்போர்ட்டைக் கொடுத்தார். ஆனால் அவளைப் பொலிவியாவுக்குள் விட முடியாது என்று சொல்லிவிட்டார். நான் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன், நடக்கவில்லை. எங்கள் பங்குச் சாமியாருக்குப் போன் போட்டேன். அவர் வந்து இருவரையும் கோயில் விடுதிக்குக் கூட்டிப் போனார். கிளம்பும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி என்றாள். எதற்கு நன்றி சொல்கிறாய், என்னால்தானே மாட்டினாய் என்று கேட்க எனக்கு அவள் மொழி போதவில்லை. வெட்கமில்லாமல் அழுதுகொண்டே தனியாகப் பாலத்தைக் கடந்தேன். பிறகு அவள் கணவனிடம் போய்ச் சேர்ந்தாளா என்று சாமியாரிடம் கேட்டேன். விடுதியை விட்டுப் போய்விட்டாள் என்பதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

இப்போது ஊரோடு வந்துவிட்டேன். அக்கா இன்னும் அந்த வீடியோ காலைச் சொல்லிச் சிரிப்பாள், நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் தனியாக இருக்கும்போது வேறொன்றுதான் நினைவுக்கு வருகிறது. அன்றைக்கு அவள் முதலில் தப்பித்து அக்கரைக்குப் போய்விட்டாள். கணவன் இருக்கும் நாட்டில் கால் வைத்துவிட்டாள். வேனில் வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பாலத்தைத் தாண்டி வந்ததையும், நான் மட்டும் வராததையும் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள். அப்புறம் பிடிபடுவோம் என்று நன்றாகத் தெரிந்தே மறுபடி அந்தத் தண்ணீரில் இறங்கியிருக்கிறாள். அந்தக் காட்சியை நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆனாலும் இன்றைக்குக் கோயிலில் முழந்தாளிட்டுக் கண்ணை மூடினால், எனக்கு முதலில் தெரிவது அதுதான்.