ரோட்டோரத்து மான்கள்

அலுவலகத்தில் அவளைப் புழுக்கைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாகக் காட்டில் மான் புழுக்கைக் குவியல்களை எண்ணுவது அவள் வேலை. மான் ஆளைக் கண்டால் ஓடிவிடும். புழுக்கை எங்கே ஓடும்? வரைபடத்தில் குலுக்கல் முறையில் விழுந்த இடங்களில் நேர்கோடு போட்டுத் தருவார்கள். முள்ளோ சேறோ, அந்தக் கோட்டிலேயே நடந்து எண்ண வேண்டும். அதை வைத்துத்தான் காடு முழுவதற்கும் கணக்கு. ஈயும் நாற்றமுமான வேலை. ஆனாலும் அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

புது ரேஞ்சர் வந்தார். சட்டை மடிப்புக் கலையாத ஆள்.

"எதுக்கும்மா முள்ளுக்குள்ள போய்க் கிழிச்சுக்கிறீங்க? ஜீப் ரோட்டோரமா நடந்து எண்ணுங்க. ரெண்டே நாள்ல முடிஞ்சிரும்."

"சார், ரோட்டோரம் வெளிச்சம் படுது, புல்லு நல்லா வளருது. மான் நக்குறதுக்கு உப்புக்கட்டி வேற அங்க வெச்சிருக்கு. மான் பூரா அங்கதான் வந்து நிக்கும். அதை வெச்சுக் காடு முழுக்கக் கணக்குப் போட்டா தப்பா வருமே."

"நீங்க எண்ணுங்க. கணக்கை நான் பாத்துக்கிறேன்."

எண்ணினாள். முந்தைய வருடம் ஆயிரத்து நூறாக இருந்த மான்கள் ஒரேயடியாக மூவாயிரத்து நானூறு ஆயின. கூட்டம் போட்டு ரேஞ்சருக்குக் கைதட்டினார்கள். பின்வரிசையில் இருந்த அவளும் தட்டினாள்.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது: மான் பெருத்துவிட்டது, எண்ணூறைச் சுட்டுக் குறைக்கலாம். அலுவலக வாசலில் லாரி நின்றது. தார்ப்பாய்க்கு வெளியே கால்கள் துருத்திக்கொண்டிருந்தன. சினை மான்களும் இருந்தன. ரேஞ்சர் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, "தொடைக்கறி வேணும்னா எடுத்துக்கங்கம்மா, நீங்க எண்ணினதுதானே," என்று சிரித்தார். அவள் சுவரோரம் போய் வாந்தி எடுத்தாள்.

வீட்டிலும் சோறு இறங்கவில்லை. பஸ் மெக்கானிக்கான கணவர் என்னவென்று கேட்டார்.

"குமட்டுதுங்க. அந்த ஆளைப் பாத்தா குமட்டுது. கைதட்டினேனே, என்னை நெனச்சா அதைவிடக் குமட்டுது."

"புலம்பி என்ன ஆகப்போகுது? பழைய கோடெல்லாம் உனக்குத் தெரியுமில்ல? வா, நடப்போம்."

இருவரும் பதினோரு நாள் விடுப்பு எடுத்தார்கள். அவள் எண்ண, அவர் நோட்டில் குறித்தார். பல கோடுகளில் ஒரு குவியல்கூட இல்லை. காடு முழுவதற்கும் ஐந்நூறு மான் தேறவில்லை. பழைய கோடுகளையும் ரோட்டோரக் கோட்டையும் ஒரே தாளில் வரைந்து, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினாள்.

ரேஞ்சர் கூப்பிட்டனுப்பினார். "மான் எல்லாம் நோய்ல செத்துப்போச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க. யாருக்கும் பிரச்சினை இல்ல."

"என்னால முடியாது சார். அதை எழுதினா அப்புறம் எந்த முகத்தோட காட்டுக்குள்ள போவேன்?"

வேட்டை நின்றது. அதற்குள் அறுநூற்றுப் பத்து மான்கள் போய்விட்டன. பழைய கோடுகளிலேயே நடக்கும்படி எழுத்தில் உத்தரவும் வந்தது. ரேஞ்சருக்கு ஒன்றும் ஆகவில்லை. பதவி உயர்வோடு வேறொரு காட்டுக்குப் போனார். வாழ்த்து அட்டை மேஜை மேஜையாகக் கையெழுத்துக்கு வந்தது. அவள் அதை விரல் நுனியால் அடுத்த மேஜைக்குத் தள்ளிவிட்டு, வரைபடத்தை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.